கிளினிக் கொப்பியில் எழுதாத வருத்தம்: யாரிடம், எப்படிக் கேட்பது

எங்கள் பாமசிக்கு வருகிற ஆண்களில் ஒரு பகுதியினர் முதலில் ஒரு காட் பனடோல் கேட்பார்கள். அப்புறம் ஜீவனி இரண்டு பக்கெட். அதற்குப் பிறகு கண்ணாடி அலுமாரியில் இருக்கிற இருமல் பாணிப் போத்தல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கடைக்குள் பெண்கள் யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரல் இறங்கும். "அண்ணன், அந்த நீலக் குளிசை இருக்கா?" ஆண்குறி விறைப்புக்குப் போடுகிற குளிசை அது. கேட்கும்போதே ஒரு கண் வீதியில் இருக்கும், தெரிந்த மோட்டார் சைக்கிள் ஏதும் போகிறதா என்று.

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் மருந்தாளராக நீண்ட காலம் இருக்கிறேன். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து, மண்டூர்த் துறையில் பாதை என்கிற மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து குருமன்வெளியில் இறங்கி இங்கே வருகிறவர்கள் உண்டு. அவர்கள் ஊர்ப்பக்கம் மருந்துக்கடை இல்லாமல் இல்லை. ஊரில் வாங்கினால் பொழுது படுவதற்குள் மாமியின் காதுக்குப் போய்விடும் என்ற பயம். இதே ஆட்கள் சீனி வருத்தத்துக்கும் பிரசருக்கும் மாதாமாதம் கிளினிக் போகிறார்கள், கொப்பியை மடித்து நெஞ்சுப் பையில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கொப்பியில் படுக்கையறைச் சங்கதி ஒரு வரிகூட இருக்காது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: அந்த ஒரு வரியையும் அதே கொப்பியில் எழுதச் செய்யுங்கள். ஏனென்றால் அது தனி வருத்தமில்லை. சீனி, பிரசர், மனம், தூக்கம், குடும்பச் சண்டை எல்லாம் அங்கே வந்து முட்டும். அங்கே கோளாறானால் இவற்றில் ஒன்றாவது திரும்பக் குழம்பும்.

குளிசை கேட்க முன்னர் சீனியைப் பாருங்கள்

ஆண்குறி விறைப்பதற்கு வேண்டியது இரத்தம். அங்கே போகிற நாடிகள் 1 முதல் 2 மில்லிமீற்றர் அகலம்தான். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிறவை 3 முதல் 4 மில்லிமீற்றர். சீனி, பிரசர், கொலஸ்ட்ரோல், சிகரெட் எல்லாம் நாடியின் உட்சுவரைக் கெடுக்கும்போது முதலில் அடைபடுவது எது என்று நீங்களே சொல்லுங்கள். நவகிரிக் குளத்தில் தண்ணீர் குறைந்தால் வாய்க்காலின் கடைசி வயல்காரன்தான் முதலில் கத்துவான். அதுபோலத்தான் இதுவும். விறைப்புக் குறைபாடு வந்து இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் இருதய நோய் தலைகாட்டுவது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த விசயம். அதனால் 45 வயதில் ஒருவர் வந்து நீலக் குளிசை கேட்டால் எனக்கு அவருடைய நெஞ்சைப் பற்றித்தான் முதல் யோசனை வரும்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதலில் விடியற்காலையைக் கவனியுங்கள். நித்திரையிலோ எழும்பும்போதோ விறைப்பு வழமைபோல இருக்கிறது, மனைவியோடு இருக்கும்போது மட்டும் இல்லை என்றால் நாடியும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கின்றன. களைப்பு, கவலை, கோபம், லோன் கட்டுகிற நாள் நெருங்குவது, போன முறை நடந்தது இந்த முறையும் நடந்துவிடுமோ என்ற பயம், இவற்றில் ஏதோ ஒன்று தடுக்கிறது. விடியற்காலை விறைப்பும் மாதக்கணக்கில் மெதுமெதுவாகக் குறைந்து வந்தால் உடம்பைச் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது, வெறும் வயிற்றில் சீனி, பிரசர், கொலஸ்ட்ரோல் மூன்றையும் பாருங்கள். 35 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையம் என்று ஒன்று நடக்கிறது. வருத்தம் இல்லாதவரும் போகலாம், காசு இல்லை. அங்கே வரிசையில் நிற்பவர்கள் அநேகம் பெண்கள்தான். ஆண்கள் வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு மனைவிக்காகக் காத்திருப்பார்கள். இறங்கி உள்ளே போங்கள்.

ஆண்குறியின் முன்தோல் சிவந்து, கடித்து, ஓரத்தில் வெடித்திருக்கிறதா? அதற்குப் பூஞ்சணக் கிறீம் வாங்கிப் பூசினால் ஒரு கிழமையில் மாறும், அடுத்த மாதம் திரும்ப வரும். இப்படித் திரும்பத் திரும்பக் கிறீம் வாங்க வருகிறவரிடம் நான் கிறீமைக் கொடுத்துவிட்டு, "நாளைக்குச் சாப்பிடாமல் வந்து சீனி பாருங்க" என்று சொல்லி அனுப்புவேன். சலத்தில் சீனி போகிற உடம்பில் அந்தப் பூஞ்சணம் விட்டுப்போகாது. சிலருக்கு நீரிழிவு இருப்பதை முதலில் சொல்வதே இந்தக் கடிதான். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று ஃப்ளோசினில் முடிகிற புதிய சீனிக் குளிசைகள் சீனியைச் சலத்தோடு வெளியே தள்ளுவதால் அவற்றைக் குடிப்பவர்களுக்கும், ஆணோ பெண்ணோ, இது வரலாம். நல்ல மருந்துகள்தான். சலம் கழித்த பிறகு தண்ணீரால் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுங்கள். கடி வந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

குடிக்கிற குளிசைகளின் பட்டியலையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அட்டெனலோல் போன்ற சில பிரசர் குளிசைகள், சலம் போக்கும் சில குளிசைகள், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பல குளிசைகள் ஆசையையோ விறைப்பையோ உச்சத்தையோ குறைக்கலாம். இதைப் படித்துவிட்டு நாளைக்கே குளிசையை நிறுத்திவிடாதீர்கள்! பிரசர் குளிசையைத் திடீரென்று விட்டு, வாய் கோணி, கட்டிலில் கிடக்கிறவர்கள் இந்த வீதியிலேயே இருக்கிறார்கள். டொக்டரிடம் சொன்னால் வேறு வகைக்கு மாற்றித் தருவார். மாற்றுவதற்கு வகைகள் நிறைய உண்டு.

இப்போது நீலக் குளிசைக்கு வருவோம். அதன் பெயர் சில்டெனாஃபில். நெஞ்சுவலிக்கு மருந்தாகத்தான் முதலில் பரிசோதித்தார்கள். நெஞ்சுக்குப் பெரிதாகப் பயன்படவில்லை, பக்கவிளைவாக வந்தது பெயரெடுத்துவிட்டது. 1998ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே 1998ல், நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயு இரத்த நாடியைத் தளர்த்துகிற விதத்தைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு நோபல் பரிசும் கொடுத்தார்கள். சில்டெனாஃபில் வேலை செய்வது அந்த வழியில்தான். நெஞ்சுவலிக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற ஜீ.ரீ.என் குளிசை வேலை செய்வதும் அதே வழியில்தான். இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் நாடிகள் எல்லாம் ஒரேயடியாக விரிந்து பிரசர் பாதாளத்துக்கு இறங்கும். ஆள் எழும்பாமலே போகலாம். அதனால்தான் டொக்டர் எழுதிய மருந்துத் துண்டு இல்லாமல் இதைக் கொடுப்பதில்லை. என்னோடு கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, பரவாயில்லை. யாருக்கும் தெரியாமல் போட்டுவிட்டு நெஞ்சு வலித்தால், 1990 அம்பியுலன்ஸ் வந்ததும் முதல் வேலையாக இதைப் போட்டதைச் சொல்லுங்கள். மனைவிக்கு முன்னால் என்றாலும் சொல்லுங்கள்.

அந்தக் குளிசை ஆசையை உண்டாக்காது. ஆசை இருந்தால் இரத்தத்தைக் கொண்டுவரும், அவ்வளவுதான். கொத்துரொட்டியும் பொரித்த இறைச்சியும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஏறுவதற்குப் பிந்தும். மூன்று போத்தல் பியருக்கு மேலே போட்டால் ஒன்றுமே நடக்காமலும் போகும்.

சந்தையில் குடை விரித்து, மைக் பிடித்து விற்கிற லேகியமும் எண்ணெயும் வேறு கதை. மூலிகை மட்டும் என்று எழுதி விற்கிற இப்படிப்பட்ட பொருட்களுக்குள் அளவில்லாமல் சில்டெனாஃபிலையே அரைத்துப் போட்டிருந்ததைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பிடித்திருக்கிறார்கள். "அது வேலை செய்யுது அண்ணன்" என்று சொல்கிறவரிடம் நான் கேட்பது, வேலை செய்கிறது என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று யோசித்தீர்களா என்பதுதான்.

நெஞ்சு வருத்தம் வந்து தேறியவர்கள், அதிலும் அவர்களின் மனைவிமார், பயத்தில் கட்டிலையே பிரித்துவிடுகிறார்கள். அப்படிப் பயந்து சாகத் தேவையில்லை. ஒரு மைல் தூரத்தை 20 நிமிடத்தில் சமதரையில் நடந்து, இரண்டு மாடிப் படியைக் கொஞ்சம் வேகமாக ஏறி, நெஞ்சு நோவோ மூச்சு வாங்கலோ இல்லையென்றால் அந்த உடம்பு பழைய துணையோடு படுக்கையையும் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. எங்கள் ஊரில் மாடி எங்கே என்றால் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஆனால் எப்போது தொடங்கலாம் என்பதை உங்கள் டொக்டர் சொல்ல வேண்டும், கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கேட்பது எப்படி

கிளினிக்கில் ஒரு மேசையின் இரண்டு பக்கமும் இரண்டு டொக்டர்மார். உங்கள் முதுகுக்குப் பின்னால் அடுத்த இலக்கத்துக்காரர் முழங்கால் முட்ட உட்கார்ந்திருப்பார், அவர் உங்கள் ஊர்க்காரராகவும் இருப்பார். இந்த இடத்தில் வாய் திறக்கச் சொன்னால் யாருக்கும் வராது. அதனால் முதல் நாள் இரவே ஒரு சிறிய துண்டில் எழுதுங்கள். "மூன்று மாதமாக விறைப்பு வருகுதில்லை. காலையிலும் இல்லை." அல்லது, "உறவின்போது எரிவும் நோவும் இருக்கிறது." அல்லது, "ஆசை அறவே இல்லை, இந்தக் குளிசை தொடங்கிய பிறகுதான்." இரண்டு வரி போதும். துண்டைக் கொப்பியின் அன்றைய பக்கத்தில் வைத்து நீட்டுங்கள். டொக்டர் வாசித்துவிட்டு உள்ளறைக்குக் கூப்பிடுவார், அல்லது கடைசியாக இருக்கச் சொல்வார். எத்தனை நாளாக, எப்போதிருந்து, என்ன குளிசை என்ற மூன்றும் துண்டில் இருந்தால் அவருக்கும் பாதி வேலை முடிந்தது.

பெண் டொக்டர்தான் வேண்டும் என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஆண்களும் ஆண் டொக்டரைக் கேட்கலாம். "இந்த வயதில் உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு ஐயா?" என்று சிரித்து அனுப்புகிற டொக்டர் கிடைத்தால், அவர் சிரிப்பை அவரிடமே விட்டுவிட்டு இன்னொருவரிடம் போங்கள். 65 வயதுக்காரருக்கும் மனைவியின் பக்கத்தில் படுக்கிற ஆசை இருக்கும். அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பெண்கள் பொறுத்துக்கொள்கிற நோவு

பெண்கள் என்னிடம் கேட்பதில்லை. கடையில் வேலை செய்கிற தங்கச்சியிடம் கேட்பார்கள். அவள் உள்ளே வந்து என்னிடம் கேட்பாள். நான் சொல்வதை வெளியே கொண்டுபோவாள். அப்படி நடுவில் ஆள் வைத்துக் கேட்டவற்றில் அடிக்கடி வருவது மூன்று.

முதலாவது வெள்ளைபடுதல். எல்லா வெள்ளையும் வருத்தமில்லை. மாதவிலக்குக்கு நடுவில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி, மணமில்லாமல் வழிவது இயல்பு. கருமுட்டை வெளியாகிற நேரம் அது. தயிர்க்கட்டி போல வந்து கடித்தால் பெரும்பாலும் பூஞ்சணம். சாம்பல் நிறமாக, தண்ணியாக, மீன் மணத்தோடு வந்தால் பக்ரீரியாக்களின் சமநிலை குழம்பியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு, அதனால் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்த மருந்து உங்களுக்குச் சரிவராது. டெற்றோல் கலந்த தண்ணீரால் உள்ளே கழுவுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கிற நல்ல பக்ரீரியாக்களைக் கொன்று வருத்தத்தைக் கூட்டுகிற வேலை அது. வெளியே மட்டும் வெறும் தண்ணீர் போதும்.

இரண்டாவது சலக்கடுப்பு. கலியாணம் முடித்த புதிதில் பல பெண்களுக்கு வரும். உறவுக்குப் பிறகு எழும்பிப் போய்ச் சலம் கழியுங்கள், பகலில் தண்ணீர் போதுமான அளவு குடியுங்கள், முட்டினால் அடக்கிவைக்காதீர்கள். வயல் வேலைக்கும் தையல் கடைக்கும் போகிற பெண்கள் கழிப்பறை இல்லாததால் விடியலிலிருந்து பின்னேரம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. இந்த வருத்தத்தின் வேர் பாதி அங்கேதான். காய்ச்சலும் முதுகு நோவும் சேர்ந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூன்றாவதைச் சொல்ல அவர்களுக்கு நெடுநேரம் ஆகும்: உறவின்போது நோவு. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற காலத்திலும், மாதவிலக்கு நிற்கிற வயதிலும் ஈஸ்ட்ரஜன் குறைவதால் பெண்ணுறுப்பின் உட்தோல் மெலிந்து காய்கிறது. "கிழவியாகிட்டன், இனி இப்படித்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுக்க வேண்டியதில்லை. தண்ணீர்த் தன்மையான வழுக்கு ஜெல் கடைகளில் கிடைக்கிறது. அது போதாவிட்டால் உள்ளே பூசுகிற ஈஸ்ட்ரஜன் கிறீமை டொக்டர் எழுதித் தரலாம். தேங்காய் எண்ணெய் பாவிக்கிறவர்களுக்கு ஒரு விசயம்: ஆணுறையோடு எண்ணெய் சேரக்கூடாது, றப்பர் சில நிமிடங்களிலேயே பலம் இழந்து கிழியும். கட்டில் பயமே நோவாகிற பெண்களும் இருக்கிறார்கள். முதலிரவில் அவசரப்பட்ட புருசன், சிறு வயதில் யாரோ செய்த கொடுமை, இவை தசையை இறுக்கி மூடிவிடும். அதற்கும் சிகிச்சை உண்டு, மருந்தால் மட்டும் ஆகிற காரியமில்லை, ஆற அமரக் கதைத்துச் செய்ய வேண்டியது.

உறவுக்குப் பிறகு இரத்தம் பட்டால், அல்லது மாதவிலக்கு நின்று ஒரு வருடம் தாண்டியபின் ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும், தங்கச்சியிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் அந்தக் கிழமையே டொக்டரிடம் போங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்கில் பாப் பரிசோதனை செய்ய வேண்டும். 1996ல் தொடங்கிய கிளினிக் அது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்துகின்றன. கர்ப்பப்பைக் கழுத்தில் வருகிற புற்றுநோயைப் புற்றுநோயாக மாறமுன்னரே பிடிக்கலாம். நாள் எது என்று உங்கள் பகுதி மருத்துவமாதுவுக்குத் தெரியும். அவ தான் உங்கள் வீட்டுப் பிள்ளையின் நிறையை நிறுக்க வருகிறவ, கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

வீட்டுக்குள் இடம்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுக்குச் சீதனம். தாய் தகப்பன் மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு ஒதுங்குவது பழைய வழக்கம். அதில் இருந்த அறிவு எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. இப்போது வளவு சுருங்கிவிட்டது. இரண்டு அறை வீட்டில் மாமா மாமி, கலியாணமாகாத மச்சினிச்சி, மருமகன், நடுவில் தகரத் தடுப்பு அல்லது கூரை முட்டாத சுவர். மருமகன் இருமினால் மாமி தண்ணி கொண்டுவருவா. இந்த வீட்டில் ஒருவனுக்கு விறைப்பு வரவில்லை என்றால் அவனுடைய நாடியைச் சோதிக்கமுன் சுவரைச் சோதிக்க வேண்டும்.

செய்யக்கூடியவை சிறியவைதான். கதவுக்கு உள்ளே ஒரு கொண்டி. கட்டில் காலுக்குக் கீழே றப்பர்த் துண்டு. ஒரு மின்விசிறி, வெக்கைக்கும் ஆகும், சத்தத்தையும் மறைக்கும். கிழமையில் ஒரு பின்னேரமாவது பெரியவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கோ கடற்கரைக்கோ போய், விளக்கு வைத்த பிறகு வருவது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. கெட்டிக்கார மாமிமார் தாங்களாகவே செய்கிறார்கள். நாலு வயதுக்கு மேலான பிள்ளையைப் பாட்டியோடு படுக்கப் பழக்குங்கள். போனை இரண்டு பேரும் தலைமாட்டில் வைக்காதீர்கள். நித்திரை கெட்ட உடம்பில் ஆசை வராது.

கதைக்கிற இடம் கட்டில் இல்லை. அங்கே கதைத்தால் குறை சொல்வதாகவே கேட்கும். சமையல் முடிந்து, பிள்ளைகள் படுத்த பிறகு, வாசற்படியில் இருந்து கதையுங்கள். "நீ சரியில்லை" என்று தொடங்காமல், "எனக்கு இப்படி இருந்தால் நல்லா இருக்கும்" என்று தொடங்குங்கள். வேண்டாம் என்கிற நாளில் வேண்டாம்தான். தாலி கட்டினவனுக்கும் அதுதான். அடி, மிரட்டல், கட்டாயம் நடக்கிற வீட்டுப் பெண்ணுக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் நட்பு நிலையம் என்று ஒரு அறை இருக்கிறது. டொக்டரிடம் காயத்தைக் காட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டே அங்கே போகலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

லீவில் வருகிற மாப்பிள்ளை

கட்டாரிலும் குவைத்திலும் இருந்து ஒரு மாத லீவில் வருகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் அவர்கள் இல்லாத ஒழுங்கை இல்லை. வந்த மறுநாளே வீட்டில் எல்லோரும் பிள்ளைக்காக எண்ணத் தொடங்குவார்கள். லீவு முடிந்து போன பிறகு பெண்ணுக்கு மாதவிலக்கு வந்தால் "இவளுக்குத்தான் ஏதோ குறை" என்று ஊர் முடிவு கட்டும்.

கணக்கைப் பாருங்கள். 28 நாள் சுற்றில் கரு நிற்கக்கூடிய நாட்கள் நடுவில் ஐந்தாறுதான். ஒரு மாத லீவில் அது ஒரே ஒரு முறை வரும். சேர்ந்தே இருக்கிற, வருத்தம் எதுவும் இல்லாத இளம் தம்பதிக்குக்கூட ஒரு மாதத்தில் கரு நிற்கிற வாய்ப்பு நாலில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்று. அப்படியென்றால் ஒரு லீவில் நிற்காமல் போவது குறையில்லை, சாதாரணம். ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் நிற்காவிட்டால், மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்தில், டொக்டரிடம் போக வேண்டும். அப்போதும் முதலில் செய்வது புருசனின் விந்துப் பரிசோதனையாக இருக்கட்டும். இரண்டு முதல் ஏழு நாள் உறவில்லாமல் இருந்து ஒரு போத்தலில் கொடுக்கிற வேலை. பெண்ணுக்குச் செய்கிற பரிசோதனைகளோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. பிள்ளை இல்லாத தம்பதிகளில் பாதிப் பேரளவில் காரணம் ஆணிடமும் இருக்கிறது.

லீவுத் திகதி தெரிந்ததும் மூன்று மாதத்துக்கு முன்பே மனைவி மருத்துவமாதுவிடம் சொல்லி ஃபோலிக் அமிலம் தொடங்கலாம். வருகிறவர் பத்து நாளைக்காவது அந்நியர் மாதிரி இருப்பார், அதையும் எதிர்பாருங்கள். இரண்டு வருடம் தனியாக முடிவெடுத்துப் பழகிய பெண்ணும், பன்னிரண்டு பேர் ரூமில் படுத்துப் பழகிய ஆணும் விமான நிலைய வாசலிலேயே தம்பதியாகிவிட மாட்டார்கள்.

தனியாக இருந்த காலத்தில் யாராவது வேறு இடத்தில் உறவு வைத்திருந்தால், இங்கே நியாயம் பேச நான் வரவில்லை. பரிசோதனை செய்யுங்கள், அதுவரை ஆணுறை பாவியுங்கள். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை மூன்று இடத்திலும் அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. காசு இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், இலக்கம்தான். டொக்டரின் கடிதம் வேண்டியதில்லை, நேரே போகலாம். என்னிடம் வந்து அமொக்சிசிலின் கேட்கிறவர்களை நான் அங்கேதான் அனுப்புகிறேன். நோவில்லாத ஒரு புண் வந்து தானாக ஆறினால் அது சிபிலிஸாக இருக்கலாம். புண் ஆறினாலும் கிருமி இரத்தத்தில் இருக்கும். பெண்களுக்குப் பல நேரம் அறிகுறியே இருக்காது. ஒருவருக்கு மருந்து என்றால் மற்றவருக்கும் பரிசோதனை, இல்லாவிட்டால் இருவரும் மாறி மாறிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

எச்.ஐ.வி. பயமுள்ள சம்பவம் நடந்து 72 மணித்தியாலத்துக்குள் போனால் 28 நாள் குளிசை கொடுத்துத் தடுக்க முடியும். பொறுத்துப் பார்ப்போம் என்றால் அந்தக் கதவு மூடிவிடும். இலங்கையர் ஒருவரிடம் முதல் தொற்று 1987ல் கண்டறியப்பட்டது. அன்றைக்கு இருந்த பயத்திலேயே இன்னும் இருக்கிறோம். இப்போது ஒழுங்காகக் குளிசை குடித்து இரத்தத்தில் கிருமி காணாத அளவுக்கு இறங்கியவரிடமிருந்து உறவின் மூலம் மற்றவருக்குத் தொற்றாது. கர்ப்பிணிக் கிளினிக்கில் எல்லாத் தாய்மாருக்கும் எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பார்த்துச் சிகிச்சை கொடுத்ததால், தாயிடமிருந்து பிள்ளைக்கு இரண்டும் போவதை ஒழித்த நாடு என்று 2019ல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. இவ்வளவு செய்யக்கூடிய கிளினிக்குகள்தான் உங்கள் வீதி முனையில் இருக்கின்றன.

பிள்ளைகள்

பையன்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நித்திரையில் விந்து வெளியாவதும் கைப்பழக்கமும் வருத்தமில்லை. அதனால் நரம்பு தளராது, உடம்பு மெலியாது, பிள்ளை பிறக்காமல் போகாது. நாற்பது சொட்டு இரத்தம் ஒரு சொட்டு விந்து என்று சொல்லி மருந்து விற்கிறவனிடம் காசைக் கொடுக்காதீர்கள். அவசரக் கருத்தடைக் குளிசை கேட்டு இரவு எட்டு மணிக்கு ஓடிவருகிற தம்பிமாருக்கு: உறவு நடந்து 72 மணித்தியாலத்துக்குள் பெண் போட வேண்டும், எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. மாதாமாதம் போடுகிற குளிசை அதுவல்ல. வழமையான பாதுகாப்பு வேண்டுமென்றால் ஆணுறை, குளிசை, மூன்று மாத ஊசி, கையில் வைக்கிற குச்சி, லூப் என்று எத்தனையோ இருக்கின்றன.

பெண் பிள்ளையின் தகப்பன்மார் ஒரு வேலை செய்ய வேண்டும். 2017 முதல் ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கொண்டுவருகிற வைரசுக்கு எதிரானது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இந்த ஊசி எதற்கு என்று கொப்பிக்குள் வந்த சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து கேட்ட தகப்பன்மார் பலர். வைரசை உடம்பு சந்திக்கமுன் போட்டால்தான் முழுப் பலன், அதற்குத்தான் அந்த வயது. படிவத்தில் கையெழுத்து வையுங்கள். இரண்டாவது ஊசி ஆறு மாதம் கழித்து. அன்றைக்குப் பிள்ளை காய்ச்சலில் வீட்டில் நின்றுவிட்டால் தவறவிடாமல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் போடுங்கள். முதல் ஊசி போட்ட அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.